வரிக்கு ஒரு நியாயம், வக்ஃபுக்கு ஒரு நியாயமா?

வானூர் வட்டத்தில், கோட்டக்குப்பம் கடைத்தெருவில் கணக்கு எழுதி வரி கட்டும் சகோதரர்களுக்கு 2021 ஜூன் மாதம் நினைவிருக்கும். அம்மாதம் 7ஆம் தேதி வருமான வரித்துறை, ஓடிக்கொண்டிருந்த பழைய இணையதளத்தை எடுத்துவிட்டுப் புதியதொன்றைத் திறந்து வைத்தது. 63 நாள் ஆகும் வேலை ஒரே நாளில் முடியும் என்றார்கள். 4,242 கோடி ரூபாய்த் திட்டம். பொறுப்பு இன்ஃபோசிஸ் நிறுவனத்திடம்.

நடந்தது என்ன? உள்ளே நுழையவே முடியவில்லை. ஓடிபி வரவில்லை. முந்தைய ஆண்டுகளில் தாக்கல் செய்த கணக்குகள் கண்ணில் படவில்லை. ஆகஸ்ட் 21, 22 தேதிகளில் தளமே படுத்துவிட்டது. மறுநாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அந்நிறுவனத்தின் தலைமை அதிகாரி சலில் பரேக்கை டெல்லிக்கு அழைத்து விளக்கம் கேட்டார். செப்டம்பர் 15க்குள் சரிசெய்யக் கெடு விதித்தார். கெடு யாருக்கு? தளத்தைக் கட்டியவருக்கு! வரி கட்டுபவருக்கோ டிசம்பர் 31 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது.

இது சரியான செயல். தவறு அரசின் கதவில் இருக்கும்போது, கதவுக்கு வெளியே நின்றவனைத் தண்டிப்பது நியாயமல்ல என்று அரசே ஒப்புக்கொண்ட சம்பவம் இது. 2017இல் ஜிஎஸ்டி தளம் திணறியபோதும், ஆகஸ்ட் 20 என்றிருந்த கடைசி நாள் 25க்குத் தள்ளிப்போனது.

இப்போது வக்ஃபுக்கு வருவோம்.

வக்ஃபு சொத்துகளைக் கணினியில் ஏற்ற 'வாம்ஸி' என்றொரு மத்திய அரசுத் தளம் பல ஆண்டுகளாக இருந்தது. நாடு முழுவதும் 8.72 இலட்சம் அசையாச் சொத்துகள் அதில் ஏறியிருந்தன. தமிழ்நாட்டின் கணக்கு மட்டும் 66,092. குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அரசின் பணத்தில், அரசின் அதிகாரிகள் மூலம், அரசே திரட்டிய கணக்கு அது. 2025 ஏப்ரல் 8இல் வக்ஃபு திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜூன் 6ஆம் தேதி 'உமீத்' என்ற புதிய தளம் திறக்கப்பட்டது. உமீத் என்றால் நம்பிக்கை! பெயர் வைப்பதில் குறையில்லை.

பழைய கணக்கு புதிய தளத்துக்கு வந்ததா? இல்லை. எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்குள் முதலிலிருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். கடையில் புதுக் கணக்குப் புத்தகம் போடும்போது பழைய பாக்கியை நாம்தான் எடுத்து எழுதுவோம். வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, "இத்தனை வருடம் வாங்கியதற்கெல்லாம் ரசீதோடு வா, இல்லாவிட்டால் உன் பற்று வரவு செல்லாது" என்று சொல்வோமா? அதைத்தான் சட்டம் போட்டுச் சொன்னார்கள்.

ஏற்றும் முறையையும் பாருங்கள். முத்தவல்லி விவரத்தை ஏற்ற வேண்டும். வாரிய அலுவலர் சரிபார்க்க வேண்டும். அதற்கு மேலுள்ளவர் ஒப்புதல் தர வேண்டும். மூன்று படிகளில் எங்கே நின்றாலும் சொத்து நடுவழியில் நிற்கும். மரக்காணம் உப்பளப் பகுதியிலிருந்து புதுச்சேரி எல்லை வரையுள்ள சிற்றூர்ப் பள்ளிவாசல்களை நினைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து சென்ட் இடம், சில தென்னை மரங்கள், ஒரு கபரஸ்தான், வாசலில் இரண்டு கடை. முத்தவல்லிக்கு வயது எழுபது இருக்கும். கையில் சாதாரண போன். உப்புக் காற்றில் பொடிந்துபோன பத்திரம் பீரோவில். அவர்தான் எல்லை விவரத்தோடு பத்திரத்தை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும்!

தளம் மெதுவாக நகர்கிறது, ஏற்றியது நிற்கவில்லை என்று பல மாநிலங்களிலிருந்து முறையீடுகள் எழுந்தன. அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியம் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 2025 டிசம்பர் 1இல் நீதிபதிகள் தீபங்கர் தத்தா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி அமர்வு கால அவகாசத்தை நீட்டிக்க மறுத்தது. சட்டத்திலேயே வழி இருக்கிறது, தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றது. நம் கரையில் அது எந்த நேரம்? டிட்வா புயலின் மழை கொட்டிக்கொண்டிருந்த நேரம்! ஓராண்டுக்கு முன் அதே நாட்களில்தான் ஃபெஞ்சல் கரையைக் கடந்து மயிலத்தையும் வானூரையும் வெள்ளக்காடாக்கியது. வடகிழக்குப் பருவமழையில் இங்கே உப்பளமே மூடிக்கிடக்கும் என்பது டெல்லியில் தேதி குறித்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 6ஆம் தேதி தளம் மூடப்பட்டது. அரசே வெளியிட்ட கணக்கு இது: தொடங்கப்பட்ட பதிவுகள் 5,17,040. ஒப்புதல் பெற்றவை 2,16,905. ஏற்றப்பட்டு ஒப்புதலுக்காகக் காத்திருந்தவை 2,13,941. நிராகரிக்கப்பட்டவை 10,869. கூட்டிக் கழித்துப் பாருங்கள். தொடங்கியும் முடிக்க முடியாமல் நின்றவை 75 ஆயிரத்துக்கும் மேல். வாம்ஸியின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால், மூன்றரை இலட்சம் சொத்துகள் புதிய தளத்தின் வாசலையே மிதிக்கவில்லை. வரித்துறையின் தளம் இப்படியொரு கணக்கைக் காட்டியிருந்தால் டெல்லி சும்மா இருந்திருக்குமா?

மூன்று மாதத்துக்கு அபராதம் இல்லை என்று அமைச்சர் கிரண் ரிஜிஜு அறிவித்தார். முயன்று முடியாமல் போனவர்கள் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றார். சிறு ஜமாஅத் ஒன்று வக்கீல் வைத்து, மனுப்போட்டு, சர்வர் வேலை செய்யவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும்! விவரத்தை ஏற்றாத முத்தவல்லிக்கு ஆறு மாதம் வரை சிறை, இருபதாயிரம் முதல் ஒரு இலட்சம் வரை அபராதம் என்கிறது சட்டம். தளத்தைக் கட்டியவருக்கு என்ன தண்டனை? யாராவது அவரை அழைத்து விளக்கம் கேட்டார்களா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் வக்ஃபு சட்டத்தின் சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பதிவு செய்ய வேண்டும் என்ற விதியில் கை வைக்கவில்லை. அதே நாள் இரவு, வருமான வரித் தளத்தில் கடைசி நேர நெரிசல். உடனே ஒரு நாள் நீட்டிப்பு, செப்டம்பர் 16 வரை. யாரும் வழக்குப் போடவில்லை, தீர்ப்பாயத்துக்குப் போகவில்லை. நள்ளிரவில் அறிவிப்பு வந்தது!

"கடைசி நாள் வரை காத்திருந்தது உங்கள் தவறு" என்கிறார்கள். வரி கட்டுவோரும் கடைசி நாளில்தான் குவிகிறார்கள். அவர்களிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை.

ஆனாலும் நம் பக்கத்தை மறைக்கத் தேவையில்லை. ஜமாஅத் பத்திரங்களைத் தன் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, நகல்கூடத் தராத முத்தவல்லிகள் நம்மிடம் இல்லையா? பள்ளிவாசல் கடையை ஊர் வாடகையில் கால்பங்குக்கு எடுத்து, அதை உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கும் வணிகச் சகோதரர்கள் இல்லையா? விவரம் வெளியே தெரிந்தால் தன் வாடகையும் தெரிந்துவிடும் என்று பதிவை இழுத்தடித்தவர்கள், அமானிதத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? டெல்லியின் தவறு இவர்களுக்குக் கேடயமாகிவிடக் கூடாது.

அரசிடம் நாம் கேட்பது சலுகை அல்ல. அரசிடமே இருக்கும் வாம்ஸி கணக்கை அரசே புதிய தளத்தில் ஏற்றட்டும். தவறிருந்தால் திருத்தும் வேலையை முத்தவல்லி செய்யட்டும். தளம் நின்ற நாட்களைக் கெடுவில் கழிக்கட்டும். முத்தவல்லி ஏற்றி முடித்த பின் வாரியத்தில் தேங்கினால் அதற்கு அவரைப் பொறுப்பாக்காமல் இருக்கட்டும். வரி கட்டுபவனுக்குத் தந்ததை வக்ஃபுக்கும் தந்தால் போதும்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வரும் ஜும்ஆவுக்குப் பின் முத்தவல்லியோடு உட்காருங்கள். பத்திரம், பட்டா, அரசிதழில் வந்த வக்ஃபு பட்டியல் நகல், வாடகை ரசீதுகள், எல்லாவற்றையும் போனில் படமெடுங்கள். மூன்று பேரிடம் மூன்று இடத்தில் சேமித்து வையுங்கள். தளத்தில் ஏற்றியவர்கள் விண்ணப்ப எண்ணையும் அது எந்தப் படியில் நிற்கிறது என்பதையும் எழுதிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். தளம் நின்றுபோனால் தேதி, நேரத்தோடு திரையைப் படமெடுத்து வையுங்கள். தீர்ப்பாயத்தில் அந்தப் படத்தைத்தான் கேட்பார்கள்.