தாலி கட்டும்போது கட்டம் கட்டமாய்...

நம் ஊர்க் கல்யாண டி.வி.டி.யில் மாப்பிள்ளை அழைப்பு பளிச்சென்று இருக்கும். பந்தி பளிச்சென்று இருக்கும். யாரோ ஒரு மாமா நாற்காலியில் தூங்குவதுகூடத் துல்லியமாக இருக்கும். கெட்டிமேளம் கொட்டி ஐந்நூறு பேர் அட்சதை வீசுவார்கள் பாருங்கள், அந்த விநாடியில் மணப்பெண்ணின் முகம் பாத்ரூம் டைல்ஸ் மாதிரி கட்டம் கட்டமாகிவிடும்.

கேமராக்காரரைத் திட்டாதீர்கள். அவர் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் எடுத்திருப்பார். தப்பு நடப்பது எடிட்டிங் எல்லாம் முடிந்து, டிஸ்க்குக்கு ஏற்றவாறு படத்தைச் சுருக்கும் கடைசி ராத்திரியில்.

அடியேன் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். டி.வி.டி. என்பது மாதச் சம்பளம். 4.7 ஜி.பி. (கம்ப்யூட்டர் 4.38 என்று காட்டும். 1024, 1024-ஆக எண்ணுவதால் வரும் வித்தியாசம். பிடித்தம் எதுவும் இல்லை.) இதை பிட் கணக்கில் மாற்றினால் சுமார் 37,600 மெகாபிட். ஒரே டிஸ்க்கில் இரண்டு மணி நேரம் போட்டால் விநாடிக்கு 5.2 மெகாபிட் செலவழிக்கலாம். மூன்று மணி என்றால் 3.5. நான்கு மணி என்றால் 2.6. சத்தமும் இதற்குள்தான்.

மினி டிவி டேப்பில் இருந்தது விநாடிக்கு 25 மெகாபிட். அதை ஐந்தாக, மூன்றாகக் குறைக்கிற வேலையை எம்பெக்-2 என்ற முறை செய்கிறது. அது ரொம்பச் சிக்கனம். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, போன காட்சிக்கும் இந்தக் காட்சிக்கும் என்ன மாறியிருக்கிறதோ அதை மட்டும் எழுதி வைக்கும். மாமா தூங்கினால் செலவே இல்லை. அட்சதை பறந்தால்? திரை முழுக்க மாற்றம். ஃப்ளாஷ் வேறு பளிச் பளிச். கேமராவும் ஆடும். கையில் காசு இல்லை. எம்பெக் கையை விரிக்கும். நீங்கள் பார்க்கிற கட்டங்கள், அது கையை விரித்த கட்டங்கள்!

என்ன செய்யலாம்?

முதலில், தினம் ஒரே தொகை செலவழிக்கிற குடித்தனம் வேண்டாம். சி.பி.ஆர். என்றால் அதுதான். மாமா தூங்கினாலும் ஐந்து, மாங்கல்யதாரணத்துக்கும் ஐந்து. அதற்குப் பதில் ‘டூ பாஸ் வி.பி.ஆர்.’ என்று ஒன்று உண்டு. முதல் தடவை படம் முழுக்க ஓடவிட்டு, எங்கே செலவு அதிகம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் தடவை, மாமாவிடம் பிடித்து மணமேடையில் கொட்டும். நேரம் இரட்டிப்பு ஆகும். ஆகட்டும். அதிகபட்சத்தை 8 மெகாபிட்டோடு நிறுத்துங்கள். சட்டப்படி படத்துக்கு 9.8 வரை போகலாம். ஆனால், வீட்டில் எழுதிய டிஸ்க் அந்த வேகத்தில் வந்தால் சில பழைய பிளேயர்கள் திக்கும்.

இரண்டாவது, சத்தம். ‘பி.சி.எம்.’ என்று விட்டுவிட்டால் அது மட்டுமே 1.5 மெகாபிட் விழுங்கும். நான்கு மணி நேர டிஸ்க்கில் 2.6-ல் 1.5 போனால் மிச்சம் 1.1. அந்தக் காலத்து வி.சி.டி.க்குக்கூட 1.15 இருந்தது! நாதஸ்வரம் கணீரென்று கேட்கும். வாசிக்கிறவர்தான் தெரியமாட்டார். டால்பி டிஜிட்டல் 192 அல்லது 224 கிலோபிட், கல்யாணத்துக்குத் தாராளம்.

மூன்றாவதுதான் முக்கியம். ஆபீஸ் நண்பர் ஒருவரின் கல்யாணம் 2006-ல் நடந்தது. 2009-ல் அவர் அப்பா போய்விட்டார். அப்பா நடந்து, சிரித்து, பேசுகிற படம் அந்த ஒரே டிஸ்க்கில்தான். மூன்றரை மணி நேரத்தை அதில் திணித்திருந்தார்கள். அட்சதை போடுகிற இடத்தில் அப்பா கட்டமாகிவிடுவார். அம்மா ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் டி.வி.க்குக் கிட்டே போய்ப் பார்ப்பாராம். கிட்டே போனால் கட்டம் பெரிதாகுமே தவிர, அப்பா வரமாட்டார்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டோம்.

“நாங்க என்ன சார் பண்றது? ரெண்டு டிஸ்க்காக் குடுத்தா, ‘எதுக்குய்யா ரெண்டு? ஒண்ணுலயே போடு’ங்கிறாங்க. டிஸ்க் மாத்த எழுந்திரிக்கச் சோம்பல்!”

நியாயம்தான். ஆனால், நண்பர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். எடுத்த டேப்புகளைப் பிடிவாதமாக வாங்கி பீரோவில் வைத்திருந்தார். பழைய கேமரா ஒன்றைத் தேடிப்பிடித்து, டேப்பிலிருந்து நேரடியாகக் கம்ப்யூட்டருக்கு ஏற்றி, மறுபடி எடிட் செய்து, இரண்டு டிஸ்க்காகப் பிரித்தோம். விநாடிக்குச் சுமார் 6 மெகாபிட் கிடைத்தது. அட்சதை பறந்தது. நடுவில் அப்பா தெரிந்தார். சட்டைப்பையில் குத்தியிருந்த பேனாகூடத் தெரிந்தது. “அது அவர் ரிட்டயர்மென்ட்டுக்குக் குடுத்த பேனாடா!” என்றார் அம்மா.

டேப் இல்லாமல், அந்த டிஸ்க்கிலிருந்தே மறுபடி செய்திருந்தால் பேனா வந்திருக்காது. சுருக்கும்போது தூக்கியெறிந்தது போனதுதான். டி.வி.டி.யிலிருந்து எடுத்து எடிட் செய்து மறுபடி டி.வி.டி. போடுவது, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுக்கிற வேலை. எடிட் முடிந்ததும் சுருக்காத ஒரு பிரதியை ஹார்டு டிஸ்க்கில் பத்திரப்படுத்துங்கள். சுருக்குவது ஒரே தடவை, கடைசியில்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள்:

பழைய வி.எச்.எஸ். கேசட்டை மாற்றுகிறீர்களா? நேரம் நீளமானால் 720-க்குப் பதில் 352 x 576 அளவில் போடுங்கள். டி.வி.டி. அதை அனுமதிக்கிறது. கேசட்டில் இல்லாத நுணுக்கத்துக்கு ஏன் தண்டச் செலவு?

ஆட்கள் நடக்கும்போது பொம்மலாட்டம் மாதிரி வெட்டி வெட்டி இழுத்தால், ‘ஃபீல்டு ஆர்டர்’ தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். டிவி டேப் என்றால் ‘லோயர் ஃபர்ஸ்ட்’. பல ஹெச்.டி. கேமராக்களில் ‘அப்பர் ஃபர்ஸ்ட்’. மொத்தமாகப் போடுமுன் ஐந்து நிமிஷத்தை ரீரைட்டபிள் டிஸ்க்கில் எழுதி, டி.வி.யில் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் பார்த்து ஏமாறாதீர்கள்.

டிஸ்க் மேல் பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். மணமக்கள் படம் அழகாகத்தான் இருக்கும், டிஸ்க் சுற்றும் வரை.

‘டிஸ்க்கெல்லாம் யார் சார் பார்க்கிறார்கள்?’ என்கிறீர்களா? சரி. போன வாரம் எடுத்த கல்யாண வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்களே, அது என்ன பண்ணியது? அதுவும் சுருக்கித்தான் அனுப்பியது. ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள், உள்ளபடியே போகும். டிஸ்க் போகலாம், பென் டிரைவ் போகலாம், கணக்கு போகாது.

அடுத்த முகூர்த்தத்தில் வீடியோக்காரர், “எத்தனை டிஸ்க் சார்?” என்று கேட்டால், கௌரவமாக “ரெண்டு” என்று சொல்லுங்கள். எழுந்து மாற்றுவதற்குத்தான் வீட்டில் ஒரு மாப்பிள்ளை வந்திருக்கிறாரே!