சீனக் கண்ணாடி மணிகள்: சேகரிப்பும் சான்றுமதிப்பும்

பண்டைச் சீனக் கண்ணாடி மணிகளின் அழகும் அருமையும் அவற்றுக்குச் சேகரிப்பாளரிடையே உயர்விலையைப் பெற்றுத் தருகின்றன. ஆனால், ஒரு மணியின் வரலாற்று மதிப்பை முடிவு செய்வது அது கிடைத்த இடமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

சேகரிப்பாளரின் பங்களிப்பை மறுத்தல் இயலாது. சீனத் தொல்பொருள்களைச் சேகரித்தவராகிய சி. ஜி. செலிக்மன், மணி ஆய்வாளர் எச். சி. பெக்குடன் இணைந்து 1930களில் நிகழ்த்திய ஆய்வுகள், பண்டைச் சீனக் கண்ணாடியில் ஈயத்தோடு பேரியமும் கலந்திருப்பதை வெளிப்படுத்தின. மேற்காசியக் கண்ணாடியோ சோடாவும் சுண்ணாம்பும் கலந்தது. ஆகவே, ஒரு மணி எம்மரபில் உருவானது என்பதை வேதியியற் பகுப்பாய்வு உணர்த்தும். அது எப்போது, எவரிடம் சென்று சேர்ந்தது என்பதை உணர்த்தாது.

ஹூபெய் மாநிலச் சுய்சோவில் 1978இல் அகழப்பட்ட செங் நாட்டுக் கோமான் யியின் கல்லறை இதற்குத் தக்க சான்று. அங்கு, தட்டாம்பூச்சியின் கண்போன்ற வட்டங்கள் பதித்த 173 கண்ணாடி மணிகள் கிடைத்தன. ஆய்வுக்கு உட்பட்டவை சோடா-சுண்ணாம்பு வகையின. அதே கல்லறையின் வெண்கலப் பொறிப்பொன்று கி.மு. 433ஆம் ஆண்டைச் சுட்டுகிறது. மேற்கத்திய மரபுக் கண்ணாடி கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே யாங்சி ஆற்றுப் பகுதியை எட்டியது என்னும் முடிவு, மணியும் பொறிப்பும் ஓரிடத்தே கிடைத்தமையால் விளைந்தது.

இதற்கு மாறானது லோயாங் அருகிலுள்ள ஜின்சுன். 1920களின் இறுதியில் அங்குள்ள கல்லறைகள் சூறையாடப்பட்டன. பொருள்கள் வணிகர் கைவழிப் பல நாடுகளுக்குச் சிதறின. வில்லியம் சார்லஸ் வைட் 1934இல் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார். எனினும், எம்மணி எக்கல்லறையில் எப்பொருளோடு இருந்தது என்பதை இனி உறுதிசெய்ய வழியில்லை.

தமிழாய்வுக்கும் இதில் பங்குண்டு. ஹான் அரசின் தூதர்கள் பொன்னும் பட்டும் கொண்டு கடல்வழிச் சென்று, முத்தும் 'பிலியூலி'யும் வாங்கியதை 'ஹான் ஷூ' குறிப்பிடுகிறது. பிலியூலி, வைடூரியம் என்பதன் பிராகிருத வடிவோடு தொடர்புடையது என்பர். அந்நூல் கூறும் ஹுவாங்சியைக் காஞ்சி எனக் கொள்வாரும் உளர். இக்கருத்துகளை உறுதிப்படுத்த மணிகளை நாடும் ஆய்வாளர், அவை கிடைத்த மண்ணடுக்கை முதலில் வினவுதல் வேண்டும். இடமறியா மணி ஒப்பீட்டுக்கு உதவலாம். காலத்தையும் வணிகவழியையும் நிறுவும் முதன்மைச் சான்றாகாது.