கரையில் இறங்காத கப்பல் யாருக்கு?

வேங்கிக்காலில் இருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக் கடற்கரைக்குச் சுமார் மூன்று மணி நேரப் பயணம். திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றி வளர்ந்துவரும் இந்தப் பகுதியின் குடும்பங்களுக்குக் கடல் என்பது விடுமுறை நாளில் போய்க் கால் நனைத்துவிட்டு வரும் இடம். ஆனால், வெளிநாட்டுச் சுற்றுலா விளம்பரங்களில் இன்று சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அடுத்தபடியாக மத்தியத் தரைக்கடல் சொகுசுக் கப்பலும் இடம்பிடித்துவிட்டது. பிள்ளைகளை ஐரோப்பாவில் வேலைக்கு அனுப்பிவிட்டு, அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர் அப்படியே ஒரு வாரம் கப்பலிலும் ஏறிவிட்டு வருகிறார்கள்.

போய்வந்தவர்கள் வியந்து சொல்வது கப்பலின் நீச்சல் குளத்தைப் பற்றி மட்டுமல்ல. இரவு தூங்கி விழித்தால் பார்சிலோனா, மறுநாள் மார்செய், அதற்கு அடுத்து ஜெனோவா, நேப்பிள்ஸ், மால்டாவின் வலெட்டா, கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவு. இரவெல்லாம் ஓடும் கப்பல் பகலில் கரையோடு கட்டிக்கிடக்கிறது. பயணிகள் இறங்கி நடந்து ஊர் பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிறார்கள். அந்தக் கடற்பயணத்துக்கு உயிர் கொடுப்பவை துறைமுகங்கள்தான். கப்பல் அவற்றைக் கோத்துத் தரும் வாகனம்.

தமிழகக் கடலோரத்தில் இதே வேலையைச் செய்ய ஒரு கப்பல் இன்றுவரை இல்லை. இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு ஆசையைவிட வலுவான காரணம் உண்டு: அந்தக் கடலும் இந்தக் கடலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்து வாங்கியவை.

ஒரு சாடியின் கழுத்து

1944-ல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமையேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் உடைந்த மண்சாடியின் கழுத்தையும் நீண்ட கைப்பிடியையும் கண்டார். மத்தியத் தரைக்கடல் நாடுகளில் திராட்சை மதுவையும் ஆலிவ் எண்ணெயையும் ஊற்றி அனுப்பிய ஆம்போரா சாடி அது. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டிலிருந்து வந்தது. மறு ஆண்டே வீலர் அங்கு அகழாய்வைத் தொடங்கினார். அவருக்கு முன்பே பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் அந்த மேட்டின் அருமையை உணர்ந்திருந்தார். பின்னால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழு மீண்டும் தோண்டியது.

கிடைத்தவை சாதாரணமானவை அல்ல. இத்தாலியின் அரேட்சோ நகரத்துச் சிவப்புப் பளபளப்புக் கலங்கள், கிரேக்கத்தின் கோஸ் தீவு வகை ஆம்போராக்கள், உள்ளூரில் செய்த ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள், கல்மணிகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள். உட்புறத்தில் புள்ளி வரிசைகள் வட்டம் வட்டமாக ஓடும் ஒருவகைத் தட்டுகளை வீலர் அயல்நாட்டுச் சரக்கு என்று நினைத்தார். அவை இந்திய மண்ணில் வனையப்பட்டவை என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. இங்கிருந்த குயவர், கடல் கடந்து வந்த கலத்தின் அழகைப் பார்த்துத் தன் சக்கரத்திலேயே அதற்கு ஈடாக ஒன்றைச் செய்திருக்கக்கூடும் என்பது எவ்வளவு பெருமைக்குரிய செய்தி!

மறுமுனையிலும் தடயங்கள் உள்ளன. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், கோயில் வளாகத்தில் புதைந்திருந்த ஒரு இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. இன்னொரு செங்கடல் துறையான குசேர் அல் காதிமில் ‘கணன்’, ‘சாதன்’ என்ற தமிழ்ப் பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்தன. சேர நாட்டுத் துறைமுகமான முசிறியில் ஏற்றிய சரக்குக்கான ஒப்பந்தம் ஒன்று, கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாளாக, இன்று வியன்னாவில் உள்ளது. கப்பலின் பெயர் ஹெர்மபொல்லோன். செங்கடலில் இறக்கிய பொதிகள் ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் நதியில் படகேறி அலெக்சாந்திரியா போய்ச் சேரும். அங்கே கால் பங்கு சுங்க வரி. இந்தியச் சரக்குக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் வெளியே போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி அங்கலாய்த்தார்.

ஆக, கோஸ் தீவில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் தமிழ்ப் பயணி, தன் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் அதே தீவு வகைச் சாடிகளின் துண்டுகள் தோண்டி எடுக்கப்பட்டதை அறியாமலே திரும்புகிறார். அறியாதது அவர் குற்றமல்ல. அரிக்கமேட்டுக்குப் போனால் பார்ப்பதற்கு என்ன வைத்திருக்கிறோம்? மரங்களுக்கு நடுவே நிற்கும் செங்கல் சுவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுக் கிறித்தவ மடத்தின் மிச்சம். வீலர் தோண்டிய குழிகள் எப்போதோ மூடப்பட்டுவிட்டன. இரண்டாயிரம் ஆண்டுக் கதையை அந்த இடத்திலேயே சொல்ல ஒரு கண்காட்சிக் கூடம் வேண்டாமா?

நடுக்கடல் வரை போய்த் திரும்பும் பயணம்

சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் ஓடாமல் இல்லை. 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து ‘எம்பிரஸ்’ கப்பலை அனுப்பிவைத்தார். பதினொரு தளங்கள், உணவகங்கள், கலையரங்கு எல்லாம் கொண்ட பெரிய கப்பல். அதன் பயணத் திட்டங்களில் ஒன்று, இரண்டு இரவு கடலுக்குள் போய்ச் சென்னைக்கே திரும்புவது. எந்த ஊரிலும் இறங்குவதில்லை. விசாகப்பட்டினம் சென்று வரும் வழியில் புதுச்சேரியும் சேர்க்கப்பட்டிருந்தது. கப்பலில் சூதாட்டக் கூடம் இருப்பதைக் காட்டி எதிர்ப்பு எழவே, புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. கப்பல் கரைக்கு அப்பால் வந்து நின்று திரும்பிவிட்டது. 2023 ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைத் துறைகளுக்குப் போனது. அது நல்ல தொடக்கம்.

ஆனால், மாமல்லபுரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் இந்தப் பயணங்களால் என்ன கிடைத்தது? ஒரு வழிகாட்டிக்கு வேலையோ, ஓர் இட்லிக் கடைக்கு வியாபாரமோ, ஒரு சிற்பிக்கு விற்பனையோ வரவில்லை. கரையில் இறங்காத கப்பல் கடலில் மிதக்கும் விடுதி மட்டுமே. அப்படிப்பட்ட விடுதி வேண்டும் என்பவர்கள் போகட்டும். அதைக் கடலோரச் சுற்றுலா வளர்ச்சி என்று கணக்கெழுதுவதுதான் தவறு.

2024 செப்டம்பரில் மத்திய அரசு ‘குரூஸ் பாரத்’ திட்டத்தைத் தொடங்கியது. 2029-க்குள் கப்பல் பயணிகள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது அதன் குறிக்கோள். எண்ணிக்கையை மட்டுமே துரத்தினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு மத்தியத் தரைக்கடலே பாடம். வெனிஸ் நகரின் ஜுதெக்கா கால்வாயில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நுழைய 2021 ஆகஸ்ட் முதல் இத்தாலி தடைவிதித்தது. குரோஷியாவின் துப்ரோவ்னிக், ஒரே நாளில் வெள்ளமாக இறங்கும் கூட்டத்தைத் தாங்க முடியாமல் ஒரு நாளைக்கு இரண்டு கப்பல் என்று வரம்பு வைத்தது. சாண்டோரினித் தீவு நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று எல்லை வகுத்தது. அங்கும் மிக்கோனோசிலும் உச்சப் பருவத்தில் இறங்க, 2025 ஜூலை முதல் ஒவ்வொருவரும் 20 யூரோ கட்ட வேண்டும். ஐயாயிரம் பேர் ஏறும் கப்பலை வரவேற்றுவிட்டு, பிறகு கையைப் பிசைந்த ஊர்கள் இவை. அந்தத் தவறைச் செய்யாமலே தொடங்கும் வாய்ப்பு தமிழகத்துக்கு இருக்கிறது.

இருநூறு பேர், ஐந்து துறைகள்

தேவை சிறிய கப்பல். இருநூறு பேருக்கு மிகாத, ஆழம் குறைந்த துறையிலும் நுழையக்கூடிய கப்பல். சென்னையில் புறப்பட்டால் ஓர் இரவில் புதுச்சேரி. பகலில் அரிக்கமேடும் பிரெஞ்சுத் தெருக்களும். மறு இரவில் நாகப்பட்டினம். அங்கிருந்து சாலை வழியே வடக்கே தரங்கம்பாடி, பூம்புகார். மூன்றாம் நாள் பாக் நீரிணை கடந்து காங்கேசன்துறை. யாழ்ப்பாணக் கோட்டையும் நல்லூரும். திரும்பும் வழியில், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், மாமல்லபுரத்தில் படகில் இறங்கலாம்.

இந்த வரிசையில் ஒவ்வொரு ஊரும் ஒரு உலகம். தரங்கம்பாடியை எடுத்துக்கொள்வோம். தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-ல் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தார். அவர்கள் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1706-ல் வந்திறங்கிய கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1845-ல் டென்மார்க் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனது. இவை எல்லாவற்றுக்கும் முன்பே, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அலைவாயில் நிற்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கோட்டை மதிலில் நின்றால் கோயில், கடல், மீனவர் வலை உலர்த்தும் மணல் மூன்றும் ஒரே பார்வையில் விழும். மால்டாவிலும் ரோட்ஸிலும் கோட்டைகள் பெரியவை. நானூறு ஆண்டுக் கோட்டையும் எழுநூறு ஆண்டுக் கோயிலும் இத்தனை நெருக்கத்தில் ஒரே அலையைப் பார்த்து நிற்கும் காட்சிக்குத் தரங்கம்பாடிக்குத்தான் வர வேண்டும்.

நாகப்பட்டினமும் அப்படித்தான். ராஜராஜ சோழனின் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் இங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்பினான். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்த செய்தி செப்பேடுகளில் பதிவாகி இருக்கிறது. அதன் கடைசிக் கோபுரம் 1867-ல் இடிக்கப்பட்டது. அருகிலுள்ள நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் போய்வரலாம்.

கிரிவலம் போகிறவர்கள் பதினான்கு கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் ஓடிக் கடப்பதில்லை; எட்டு லிங்கங்களிலும் நின்று நின்று போவதில்தான் நிறைவு. கடலோரப் பயணத்துக்கும் அந்த நிதானம் பொருந்தும்.

கடலுக்குப் புதியவர்கள் அல்லர்

கப்பல் பயணம் பணக்காரர் விளையாட்டு என்று ஒரு பேச்சு உண்டு. தமிழகத்தில் அது அப்படி இருந்ததில்லை. 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடியது. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயிலோடு அது இணைந்திருந்தது. திருவண்ணாமலையில் ரயிலேறியவர் விழுப்புரத்தில் மாறிக் கொழும்பு வரை போக முடிந்த காலம் அது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ‘ரஜுலா’ கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தொழிலாளர்களையும் வியாபாரிகளையும் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பத்தாண்டுகள் ஓடியது. அடுத்து வந்த ‘சிதம்பரம்’ 1985-ல் தீ விபத்துக்கு உள்ளானதோடு அந்த வழியும் அடைபட்டது. அதற்கெல்லாம் முன்பே, 1906-ல், வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி வெள்ளையர் கம்பெனியை எதிர்த்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டார்.

இன்று அந்தத் தொடர்ச்சியாக எஞ்சியிருப்பது நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் சேவைதான். 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ புறப்பட்டது. சில நாட்களிலேயே பருவமழையால் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ ஓடத் தொடங்கியது. சுமார் அறுபது கடல்மைல், நான்கு மணி நேரம். பாரம்பரியக் கடல்வழிக்கு அடித்தளம் இதுவே. இந்தச் சேவையை வலுப்படுத்தாமல் சொகுசுக் கப்பலைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

இடர்ப்பாடுகள் இருக்கின்றன. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. மணல் தூர்ந்துகொண்டே இருக்கும், அலை மோதும். சென்னையிலேயே துறைமுகம் கட்டும்வரை பயணிகள் மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கரை சேர்ந்தார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காலத்தில் புயலை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். எனவே ஜனவரி முதல் செப்டம்பர் வரைதான் பருவம் என்று முதலிலேயே அறிவித்து நடத்த வேண்டும். புதுச்சேரி தனி ஆட்சிப் பகுதி, இலங்கை தனி நாடு என்பதால் மூன்று அரசுகள் உட்கார்ந்து பேச வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மீனவர்கள். அவர்களின் வலைக்கும் வழிக்கும் குறுக்கே ஒரு கப்பலும் வரக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன, வருமானம் இல்லை. அந்த அலையை அவர்களைவிட அறிந்தவர்கள் யார்? பயணிகளை இறக்கி ஏற்றும் படகுகளை ஓட்ட மீனவ இளைஞர்களுக்குப் பயிற்சியும் உரிமமும் கொடுத்து, அந்த வேலையைக் கடலோர ஊர்களுக்கே ஒதுக்க வேண்டும்.

இதை நடத்த அரசிடம் நிறுவனமே இருக்கிறது. 1974-ல் தொடங்கிய பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் நிலக்கரிக் கப்பல்களை இயக்குகிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுகிறது. சோழர் துறைமுகத்தின் பெயரைச் சுமக்கும் அந்தக் கழகமே, சுற்றுலாத் துறையோடும் தொல்லியல் துறையோடும் சேர்ந்து முதல் பருவத்துக்கு ஒரு சிறிய கப்பலை வாடகைக்கு எடுத்து வெள்ளோட்டம் பார்க்கலாம். ஒரு பகுதி இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் வரலாற்று ஆசிரியர்களுக்கும் சலுகைக் கட்டணத்தில் ஒதுக்க வேண்டும். 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலையிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு நேரடி ரயில் ஓடுகிறது; அந்த நிலையத்துக்கு எதிரில்தான் துறைமுகம். வேங்கிக்கால் மாணவியால் ரயிலில் ஏறிப் போய்க் கப்பலேறி, அரிக்கமேட்டையும் தரங்கம்பாடியையும் காங்கேசன்துறையையும் ஒரே வாரத்தில் பார்த்துத் திரும்ப முடியும். அதற்குத் தேவைப்படுவது ஒரு அரசாணை, ஒரு கப்பல், அரிக்கமேட்டில் ஒரு கண்காட்சிக் கூடம். அடுத்த நிதிநிலை அறிக்கையில் இந்த மூன்றுக்கும் இடம் ஒதுக்கி, வரும் ஜனவரியிலேயே முதல் பயணத்தைத் தொடங்க வேண்டும்.