நெடுஞ்சாலையும் தோட்டப் பாதையும்

2011 நவம்பரில் கொட்டாவை முதல் காலி வரை திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலை, 2014 இல் மாத்தறையையும் 2020 இல் அம்பாந்தோட்டையையும் எட்டியது. கட்டணம் செலுத்தி உள்ளே புகுந்தோர், மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில், சந்தி எதுவும் மறிக்காமல் கொழும்பை நெருங்கிவிடுகின்றனர். இத்தகைய வீதிகள் நாட்டுக்குத் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. நேரத்தின் அருமையை நீதிமன்றம் செல்லும் சட்டத்தரணியும் அறிவார். காய்கறி வாடுமுன் சந்தை சேரவேண்டிய விவசாயியும் அறிவார்.

ஆனால், பூனாகலைத் தோட்டத் தொழிலாளியின் பயணம் நெடுஞ்சாலையில் தொடங்குவதில்லை. லயத்து வாசலில் தொடங்குகிறது. குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் முச்சக்கர வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் பண்டாரவளைக்கோ கொஸ்லந்தைக்கோ சென்ற பின்னரே அவருக்குப் பஸ் கிடைக்கிறது. வெல்லவாய வழியாக மலையிறங்கிய பின்னரே அந்த அகன்ற சாலை. பிரசவ வேதனையில் துடிக்கும் தாய்க்கு, இறுதி நூறு கிலோமீற்றரின் வேகத்தால் பயன் என்ன? முதல் ஐந்து கிலோமீற்றரே அவள் உயிரைத் தீர்மானிக்கிறது. 2023 மார்ச்சில் கபரகலையில் மண் சரிந்து வீடுகள் அழிந்ததையும், 2025 நவம்பர்ப் புயலில் பதுளை மாவட்ட வீதிகள் துண்டிக்கப்பட்டதையும் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்பாதை யாருடையது? கேட்டால், கம்பனி சபையைக் காட்டுகிறது. சபை கம்பனியைக் காட்டுகிறது. நிலம் அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களில் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்களிக்க உரிமை உண்டு, வீதி கேட்க உரிமை இல்லை என்ற அந்த அநீதி 2018 இல் திருத்தப்பட்டது. சட்டம் வழிவிட்டது, பாதைதான் இன்னும் வழிவிடவில்லை!

தெற்கு நெடுஞ்சாலை ஜப்பானிடமும் சீனாவிடமும் ஆசிய அபிவிருத்தி வங்கியிடமும் பெற்ற கடனில் எழுந்தது. நாட்டின் வெளிநாட்டுக் கடனை அடைக்கும் அந்நியச் செலாவணியில் தேயிலையின் பங்கும் உண்டு. கொழுந்து பறிக்கும் கைகள் கேட்பது பிச்சையன்று, பங்கு.

ஒவ்வொரு தோட்டப் பாதையும் அளக்கப்பட்டு, பிரதேச சபையின் வீதிப் பட்டியலில் ஏற்றப்பட வேண்டும். அதற்கான நிதியை மத்திய அரசு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். 2025 மே மாதத் தேர்தலில் வென்ற உறுப்பினர்கள் இத்தீர்மானத்தைத் தத்தம் சபையில் கொண்டுவரட்டும். கொண்டுவராதவர் மீண்டும் வாக்குக் கேட்டு வரும்போது, லயம் வரை நடந்தே வரச் சொல்லுவோம்.