கராத்தேயா, குத்துச்சண்டையா, சிலம்பமா?
பெண்ணைப் பெற்றவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகும் பாதையில் இருக்கிறது, பனவடலிசத்திரம். பக்கத்துச் சிற்றூர்க்காரர்கள் பஸ் ஏறுவதும் இறங்குவதும் இங்கேதான்.

அந்த வட்டாரத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மகள் திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கிறாள். மாலையில் பஸ்சை விட்டு இறங்கும்போது பொழுது சாய்ந்துவிடும். அங்கிருந்து வீட்டுக்கு நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் காடு, கரை. துணைக்கு ஆள் இருக்கும் நாளும் உண்டு. இல்லாத நாளும் உண்டு.

"பிள்ளைக்கு ஏதாவது தற்காப்புக் கலை கற்றுக் கொடுக்க வேண்டும்" என்கிறார் தகப்பனார்.

"கராத்தே" என்கிறான் அண்ணன். "குத்துச்சண்டை" என்கிறார் மாமா. "நம் ஊர்ச் சிலம்பத்துக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்கிறார் தாத்தா. தாயார் மட்டும், "எதைப் படித்தால் என் மகள் பத்திரமாக வீடு வந்து சேருவாள்?" என்று கேட்கிறார்.

நால்வரில் சரியான கேள்வியைக் கேட்டவர் தாயார்தான். கலையின் பெயர் பெரிதல்ல. பிள்ளை வீடு வந்து சேர வேண்டும். அதுதான் பெரிது.

வீழ்த்தியவர் தோற்றார்!

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி. ஜப்பான் நாட்டின் டோக்கியோ நகரில் ஒலிம்பிக் போட்டி. கராத்தே இறுதிச் சண்டை. ஒரு பக்கம் சவூதி அரேபியாவின் தாரெக் ஹமேதி. இன்னொரு பக்கம் ஈரான் நாட்டின் சஜ்ஜாத் கஞ்சாதே.

ஹமேதி முன்னணியில் இருந்தார். அவர் உயர வீசிய ஓர் உதை. கஞ்சாதே நினைவிழந்து கீழே விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தங்கப் பதக்கம் யாருக்கு? கீழே விழுந்த கஞ்சாதேக்கு! "அளவு மீறி அடித்துவிட்டார்" என்று சொல்லி ஹமேதியை நடுவர்கள் விலக்கிவிட்டார்கள். அவருக்கு வெள்ளிதான் கிடைத்தது.

அந்தப் போட்டியின் விதி அப்படி. அடி படுகிற நேரத்தில் கையையும் காலையும் அடக்கத் தெரிய வேண்டும். விளையாட்டுக்கு அது நல்ல விதி. உயிர்ச் சேதம் இல்லாமல் பழகலாம். ஆனால் இருட்டுப் பாதையில் மறித்து நிற்கும் முரடனுக்கு விதி கிடையாது. நடுவரும் கிடையாது.

ஆகவே, ஒவ்வொரு கலையும் தன் விதியால் எதை வளர்க்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்ப்பது அவசியம்.

எந்தக் கலையில் என்ன இருக்கிறது?

கராத்தே: இதன் தாய்வீடு ஒக்கினாவா தீவு. 1922-ல் ஃபுனகோஷி என்ற ஆசிரியர் இதை டோக்கியோவுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். பிறகு உலகெங்கும் பரவியது. இன்று தமிழ்நாட்டில் சிறு நகரங்களில்கூடக் கராத்தே வகுப்பு நடக்கிறது. இது பெரிய வசதி. கை, கால் இரண்டுக்கும் வேலை உண்டு. கட்டுப்பாடும் வளரும். ஆனால் காற்றில் குத்தி, காற்றில் உதைத்து, பெல்ட் மாற்றுவதோடு நின்றுவிடும் வகுப்புகளும் உண்டு. அங்கே பிள்ளை வரிசையாக அசைவுகளைக் கற்கும், சண்டையைக் கற்காது.

டேக்வாண்டோ: கொரியா நாட்டுக் கலை. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் முதல் பதக்கம் உள்ள விளையாட்டு. காலுக்கே முதலிடம். இதன் போட்டி விதிப்படி தலையில் உதைக்கலாம்; தலையில் குத்தக் கூடாது. அதனால், முகத்துக்கு வரும் கைக்குத்தைத் தடுக்கும் பழக்கம் குறைவாகவே இருக்கும். சேலை கட்டியவர், நெரிசலான பஸ்சில் நிற்பவர், செருப்புப் போட்டுக்கொண்டு சரளைக் கல்லில் நடப்பவர் தலை உயரத்துக்குக் காலைத் தூக்குவது நடக்கிற காரியம் அல்ல.

குத்துச்சண்டை: வடசென்னையில் இதற்குப் பரம்பரைகளே உண்டு. 2021-ல் வெளிவந்த "சார்பட்டா பரம்பரை" படத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பெண்களும் சளைத்தவர்கள் அல்லர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதல் சேர்க்கப்பட்டது. அந்த முறையே மணிப்பூரின் மேரி கோம் வெண்கலம் வென்றார். டோக்கியோவில் அசாமின் லவ்லினா போர்கோஹைன் வெண்கலம் வென்றார். அவர் முதலில் பழகியது மூய் தாய் என்ற தாய்லாந்துக் கலை. குத்துச்சண்டைக்கு மாறியது அதற்குப் பிறகுதான்.

குத்துச்சண்டையின் பலம் என்ன? எதிரே நிற்பவர் உண்மையாகவே குத்துவார். கண்ணை மூடாமல் நிற்கவும், தலையை விலக்கவும், அடி பட்டாலும் கலங்காமல் இருக்கவும் உடம்பு பழகிவிடும். குறை என்ன? தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவது மூளைக்கு நல்லதல்ல. இன்னொன்று: உறை இல்லாமல் வெறுங் கையால் மண்டையில் குத்தினால் சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள எலும்பு முறியக்கூடும். இப்படி முறிவதற்குக் குத்துச்சண்டைக்காரரின் பெயரையே வைத்திருக்கிறார்கள் வைத்தியர்கள். தெருவில் அகப்பட்டவர் உள்ளங்கையின் அடிப் பகுதியால் முகவாயைத் தாக்குவது கைக்குப் பத்திரம்.

மூய் தாய்: கையும் காலும் மட்டும் அல்ல, முழங்கையும் முழங்காலும் இதில் ஆயுதம். ஆள் மிக நெருங்கி வந்து பிடித்துக்கொண்டால் இவைதான் உதவும். ஆனால் நல்ல ஆசிரியர் பெரிய நகரத்தில்தான் கிடைப்பார்.

சிலம்பத்தை மறக்கலாமா?

எம்.ஜி.ஆர். படங்களில் கம்பு சுழற்றியதைப் பார்த்துக் கைதட்டாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. தென் மாவட்டங்களில் கோவில் கொடை, திருவிழா என்றால் சிலம்பாட்டமும் உண்டு. சிலம்பத்தோடு சேர்த்து, வெறுங் கையால் தாக்கும் குத்துவரிசையையும் கற்றுக் கொடுக்கும் ஆசான்கள் இருக்கிறார்கள். கன்னியாகுமரிப் பக்கத்தில் அடிமுறை என்று ஒரு கலை. வர்மம் அறிந்த ஆசான்கள் அதைப் பழக்குவார்கள்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த "கேலோ இந்தியா" இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. உள்ளூர்க் கலைக்கு அது ஒரு கவுரவம்.

சிலம்பத்தின் உயிர் காலடி. எதிரி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறான், எப்போது விலக வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைக் கால் கற்றுக்கொள்கிறது. கம்பு இல்லாவிட்டாலும் அது கைகொடுக்கும். அகப்பட்ட குடையும், கீழே கிடக்கும் விறகுக் கட்டையும் தெரிந்தவர் கையில் சிலம்பக் கம்பு ஆகிவிடும்.

ஆனால் இங்கேயும் ஓர் எச்சரிக்கை. மேடையில் அழகாகக் கம்பு சுற்றுவது வேறு. எதிராளியோடு கம்பு தொட்டு ஆடுவது வேறு. முன்னது கண்ணுக்கு விருந்து. பின்னதுதான் தற்காப்பு.

முடிவு என்ன?

இத்தனையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். குறை கலையில் இல்லை. பழகும் முறையில் இருக்கிறது. எதிரே ஒருவர் நின்று, மறுத்து, தடுத்து, திருப்பி அடித்துப் பழகாத எந்தக் கலையும் ஆபத்து வேளையில் உதவாது. தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வராது அல்லவா?

ஆகவே பனவடலிசத்திரம் போன்ற ஊரில் வாழும் குடும்பத்துக்குப் பொருத்தமான வழி இது: பக்கத்தில் குத்துவரிசையும் சேர்த்துக் கற்பிக்கும் நல்ல சிலம்ப ஆசான் இருந்தால் அவரிடமே போகலாம். இல்லையென்றால், எதிராளியோடு மோதிப் பழக வைக்கும் கராத்தே வகுப்பு. நகரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்குக் குத்துச்சண்டையோ மூய் தாயோ கிடைத்தால் அதுவும் நல்லதே.

தூரத்தில் இருக்கும் உயர்ந்த கலையைவிட, பக்கத்தில் இருக்கும் நடுத்தரமான கலையே மேல். ஏனெனில் தற்காப்பு என்பது வாரம் தவறாமல் பழகுவதில் இருக்கிறது. போக வர இரண்டு பஸ் மாற வேண்டும் என்றால், மூன்றாம் மாதம் பிள்ளை நின்றுவிடும்.

பெற்றோர் பார்க்க வேண்டியவை

வகுப்பில் சேர்க்கும் முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். "பெற்றோர் உள்ளே வரக் கூடாது" என்று சொல்லும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்கவே கூடாது. தனி வகுப்பு என்று பெண் பிள்ளையை மட்டும் தனியே அழைக்கும் ஆசிரியரும் வேண்டாம்.

"ஒரே வருடத்தில் கறுப்பு பெல்ட்" என்று விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஜப்பானியர் கறுப்புப் பட்டையின் முதல் நிலையை "ஷோடான்" என்கிறார்கள். அதன் பொருளே முதற்படி என்பதுதான். அதுவே முடிவு என்று சொல்பவர் பிள்ளைக்குப் பொய்த் தைரியத்தை விற்கிறார். தைரியம் இல்லாதவரைவிடப் பொய்த் தைரியம் உள்ளவருக்கே ஆபத்து அதிகம்.

தலைக்கவசம், பல் கவசம், கையுறை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சத்தம் போடவும், பிடியை உதறவும், ஓடவும் ஆசிரியர் கற்றுத் தருகிறாரா என்று கேட்க வேண்டும். "ஓடுவது கோழைத்தனம்" என்று சொல்பவர் நல்ல ஆசிரியர் அல்லர். அரிவாளையோ கத்தியையோ எடுத்துக்கொண்டு வருபவன் முன் வெறுங் கையோடு நிற்பது வீரம் அல்ல. வழி இருந்தால் ஓடிப் பிழைப்பதுதான் வித்தை.

கனடா நாட்டில் செய்த சோதனை

கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் ஒரு சோதனை செய்தார்கள். 2015-ல் முடிவு வெளிவந்தது. முதலாண்டு மாணவிகள் 893 பேர் அதில் பங்கு கொண்டார்கள். ஒரு பாதிக்கு 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். மறு பாதிக்கு வழக்கமான துண்டுப் பிரசுரங்களை மட்டும் கொடுத்தார்கள்.

ஓர் ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தார்கள். பிரசுரம் பெற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர். ஏறக்குறையப் பாதி!

பன்னிரண்டு மணி நேரத்தில் யாரும் வீராங்கனை ஆகிவிட முடியாது. அப்படியானால் அவர்கள் கற்றது என்ன? ஆபத்தை முன்கூட்டியே அறிவது. தெரிந்தவன்தானே என்று கூச்சப்படாமல் "வேண்டாம்" என்று உரக்கச் சொல்வது. அதற்கும் அடங்காவிட்டால் தயங்காமல் தாக்குவது. கடைசிப் பாடத்துக்குத்தான் குத்தும் உதையும் தேவை. முதல் இரண்டு பாடங்களையும் வீட்டிலேயே தொடங்கலாம்.

இதில் "தெரிந்தவன்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெண்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் முன்பே தெரிந்த ஆட்கள்தாம். "மாமாவிடம் மரியாதையாக இரு" என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை, அந்த மாமா கை வைத்தால் கத்தத் தயங்கும். எந்தக் கராத்தே ஆசிரியரும் அந்தத் தயக்கத்தைத் தனியாகப் போக்க முடியாது. தாயும் தந்தையும்தான் போக்க வேண்டும். பிள்ளை வந்து சொன்னால் நம்ப வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"திருப்பி அடித்தால் போலீஸ் வழக்கு வருமே" என்று பலர் அஞ்சுகிறார்கள். தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதைப் பற்றியவை. உயிருக்கோ மானத்துக்கோ பெரும் ஆபத்து வரும்போது, எதிரி சாக நேர்ந்தாலும் அது குற்றம் ஆகாத சந்தர்ப்பங்களும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன.

ஆனால் எல்லையும் உண்டு. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் அடிக்கக் கூடாது. முரடன் விழுந்துவிட்டான், அல்லது ஓடுகிறான் என்றால் அதோடு நிறுத்த வேண்டும். துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பு அல்ல, பழி வாங்கல். பையன்களுக்குக் கலை கற்றுக் கொடுப்பவர்கள் இதை முதல் நாளே சொல்லித் தர வேண்டும்.

112 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் போலீஸ் உதவி கிடைக்கும். பெண்களுக்கு 181; குழந்தைகளுக்கு 1098. இந்த மூன்று எண்களும் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாக வேண்டும்.

பள்ளிக்கூடமும் ஊரும்

அரசுப் பள்ளிகளில் 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி தரும் திட்டம் இருக்கிறது. ராணி லட்சுமிபாய் பெயரில் நடக்கும் அந்தப் பயிற்சி மூன்று மாத காலம். நல்ல திட்டம்தான். ஆனால் மூன்று மாதம் விதைப்பதற்குத்தான் போதும், விளைவதற்குப் போதாது. பயிற்சி முடிந்த பிறகு பிள்ளைகள் எங்கே பழகுவார்கள்?

ஊர் மனம் வைத்தால் வழி உண்டு. பள்ளிக்கூட மைதானம் மாலையில் காலியாகக் கிடக்கிறது. ஒரு விளக்கு, ஓர் ஆசான், வாரம் இரண்டு நாள். தாய்மார்கள் நான்கு பேர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும். செலவு கொஞ்சம், பலன் பெரிது. அந்தப் பிள்ளைகள் ஒன்றாகப் பழகுவார்கள்; ஒன்றாக வீட்டுக்கு நடப்பார்கள். நான்கு பேர் சேர்ந்து நடப்பதே ஒரு தற்காப்புத்தானே!

மகளை வீட்டில் பூட்டி வைப்பது பாதுகாப்பு அல்ல. படிப்பை நிறுத்துவதும் பாதுகாப்பு அல்ல. பொழுது சாய்ந்த பிறகு பஸ்சை விட்டு இறங்கும் பெண், தலை நிமிர்ந்து, சுற்றிலும் பார்த்து, அஞ்சாமல் நடக்க வேண்டும். அதற்குக் கம்பு உதவினாலும் சரி, கராத்தே உதவினாலும் சரி.

கை எழும் முன் குரல் எழ வேண்டும். அந்தக் குரல் கேட்டதும் ஊர் எழ வேண்டும்.