ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத் தூக்கம் போதுமாம்!

போன வாரம் ஓபிக்கு ஒரு அம்மா தன் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. வயசு 19. நீட் தேர்வுக்கு இரண்டாவது முறையாகப் படிக்கிறான். பைக்கில் போய் நின்னுட்டு இருந்த லாரி மேல மோதி, முழங்கையில் தையல். அதைப் பிரிக்கத்தான் வந்தார்கள்.

"எப்படிப்பா மோதுன?"

"தெரியல சார். கண்ணைத் திறந்தப்போ லாரி முன்னாடி இருந்துச்சு."

கண்ணைத் திறந்தப்போ! ராத்திரி எவ்வளவு நேரம் தூங்குறேன்னு கேட்டேன். "ராத்திரி தனியா தூங்குறதில்ல சார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிஷம், அலாரம் வெச்சு."

ஆறு இருபது 120. ஆக ஒரு நாளைக்கு மொத்தமே 2 மணி நேரம். பேரு 'யூபர்மேன்' முறையாம். வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டானாம். மிச்சமாகும் நேரத்தில் சிலபஸை இன்னொரு ரவுண்டு ஓட்டிடலாம்னு கணக்கு. அடிபட்ட பிறகும் விடலை. அன்றோடு 18 நாள். அந்த அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. "அலாரம் அடிச்சா படிக்க எந்திரிக்கிறான்னு நினைச்சு ஃபிளாஸ்க்ல டீ போட்டு வெச்சேன் சார்" என்கிறார்.

அதனால்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

இதை விற்பவர்கள் சொல்வது என்ன? தூக்கத்தில் உபயோகமானது ஆர்இஎம் எனும் கனவுத் தூக்கம் மட்டும்தான், மீதியெல்லாம் வேஸ்ட். உடம்பைப் பட்டினி போட்டால் 20 நிமிஷத்துலயே நேரா அந்த நிலைக்குப் போயிடும். அவ்வளவுதான் லாஜிக்.

முதல் பாதியே தப்பு. தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. இரவின் முதல் பகுதியில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது அப்போதுதான். விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் கூடும். பகலில் படித்தது நினைவில் பதிவதற்கு இவை இரண்டுமே வேண்டும். 20 நிமிஷத்துல பெரும்பாலும் மேலோட்டமான தூக்கம்தான் கிடைக்கும். அதாவது, எந்தப் பாடத்துக்காக இந்தப் பையன் தூக்கத்தைத் துறந்தானோ, அந்தப் பாடத்தைத்தான் ஒவ்வொரு அலாரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா அழிச்சிட்டு இருந்திருக்கான்.

ரெண்டாவது பாதி அதைவிட மோசம். கண் மூடியதும் கனவுக்குள் போவது திறமை இல்லைங்க. தூக்கத்துக்கு ஏங்கிக் கிடக்கும் மூளை அப்படிச் செய்யும், நார்கோலெப்சி என்ற நோயிலும் அப்படி நடக்கும். மூணு நாள் பட்டினி கிடந்தவன் சோத்தை அள்ளி அடைச்சுக்கறதைப் பார்த்து 'எவ்ளோ வேகமா சாப்பிடப் பழகிட்டான் பாரு'ன்னு பாராட்டுவீங்களா?

அடுத்து, "பழகிடும் சார்." பழகாது. 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 48 ஆரோக்கியமான ஆட்களை வைத்துப் பார்த்தார்கள். 14 நாள் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் சிந்தனையும், ஒன்றிரண்டு ராத்திரி கண்ணே மூடாதவர்கள் அளவுக்கு இறங்கிவிட்டன. இதில் பயங்கரம் என்னன்னா, தாங்கள் அவ்வளவு மோசமா இருக்கோம்னு அவங்களுக்கே பெருசா தெரியலை. 'பழகிடுச்சு'ன்னு நீங்க நினைக்கிறது இதைத்தான்.

சர்க்கரை பற்றியும் ஒரு வரி. 1999இல் வெளியான ஆய்வில், 11 இளைஞர்களை ஆறு இரவு 4 மணி நேரம் மட்டும் தூங்க விட்டதுக்கே குளுக்கோஸைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒரு சுகர் பேஷண்ட் இருக்கும்போது இந்த விளையாட்டு தேவையா?

"டாவின்சி இப்படித்தான் தூங்கினார்" என்று கமெண்டில் வருவீங்க. நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. பக்மின்ஸ்டர் ஃபுல்லர் நிஜமாவே ஒரு காலத்தில் 2 மணி நேரத் தூக்கத்தில் இருந்ததாக 1943இல் டைம் பத்திரிகை எழுதியது. கூட வேலை பார்த்தவங்க மனுஷன் மாதிரி தூங்கறவங்களா இருந்ததால அவரும் விட்டுட்டார்! நாசா விமானிகள் தூங்கிய அந்த 26 நிமிடம்? அது நீண்ட பயணத்தில் கூடுதலாகக் கொடுத்தது. இரவுத் தூக்கத்துக்குப் பதிலாக இல்லை. 2021இல் அமெரிக்க தேசிய உறக்க அறக்கட்டளையின் நிபுணர் குழு இருக்கிற ஆய்வுகளையெல்லாம் அலசி, இப்படித் துண்டு துண்டாகத் தூங்கும் முறைகளால் நன்மை என்று சொல்ல ஆதாரமில்லை, கெடுதல்தான் தெரிகிறது என்று சொல்லிவிட்டது.

மதியம் சாப்பிட்டுட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுறவங்களை நான் திட்டலை. தாராளமா தூங்குங்க. நைட் ஷிஃப்ட் போறவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கிற அம்மாக்கள், உங்களுக்கு வேற வழியில்லை, கிடைச்ச நேரத்துல தூங்குங்க. வழி இருந்தும் வேண்டாம்னு சொல்றவங்களோடதான் என் சண்டை.

"நீங்க டாக்டர்களே டூட்டியில இப்படித்தானே?" ஆமாம். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ 30 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து டூட்டி பார்த்திருக்கேன். இடையிடையே பெஞ்சில் 20 நிமிஷம். ஃபிரெஷ்ஷாதான் இருக்கேன்னு நினைப்பு. ஒரு விடியற்காலை ஒரு மருந்து எழுதினேன். சிஸ்டர் சீட்டைத் திருப்பி எடுத்துட்டு வந்து, "டாக்டர், இது 9 கிலோ குழந்தை" என்றார். நான் எழுதியிருந்தது பெரியவங்க அளவு. அந்தக் குழந்தை பிழைச்சது அந்த சிஸ்டரால. இத்தனைக்கும் அன்னைக்கு மதியம் கேன்டீன்ல 'தூக்கமே இல்லாம டூட்டி பார்த்தேன்டா'ன்னு பெருமையடிச்சவன் நான். எங்க துறை இதை வீரம்னு சொல்லிக்கொடுத்தது தப்பு. அதை உதாரணமா எடுத்துட்டு வராதீங்க.

பையன் கடைசி வரை விடலை. "21 நாள்ல செட் ஆயிடும்னு சொன்னாங்க சார், இன்னும் மூணு நாள்தான்." பைக் சாவியை அம்மாகிட்ட கொடுக்கச் சொன்னேன். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கணும், காலையில தானா முழிப்பு வர்ற வரைக்கும் அலாரம் கூடாதுன்னு எழுதியே கொடுத்தேன். அம்மா மருந்து வாங்கப் போனார். திரும்பிப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாயைத் திறந்துட்டுத் தூங்குறான்.

எழுப்பலை. அடுத்த பேஷண்டுக்கு இன்னொரு ஸ்டூல் கொண்டுவரச் சொன்னேன்.