தலைமைப் பண்பும் ஒரு விசிலும்

"மாணவர்களிடம் தலைமைப் பண்பை வளர்க்கிறோம்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். காரணம் இருக்கு, சொல்றேன்.

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போன மக்களுக்குத் தெரியும். எஃப்-1 விசாக்காரன் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள்ள வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அசிஸ்டென்ட்ஷிப் கிடைக்காதவனுக்கு டைனிங் ஹால், லைப்ரரி, இல்லேன்னா ஜிம். எனக்கு ஜிம். அடையாள அட்டையைத் தேய்க்கிறது, துண்டு மடிக்கிறது, ராத்திரி பூட்டுறது. ("இதுக்கா கடன் வாங்கி அனுப்பினோம்?"னு அம்மா கேட்டது தனிக்கதை.)

எங்க ஷிஃப்ட் சூப்பர்வைசர் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு பொண்ணு. ஒருநாள் சாயங்காலம் மைதானத்தில் ஃப்ளாக் ஃபுட்பால். இடுப்பில் தொங்குற துணிப்பட்டையை உருவினாலே ஆளைப் பிடிச்சுத் தள்ளின கணக்கு, அந்த ஆட்டம். இரண்டாம் பாதியில் இடி கேட்டது. இடி கேட்டால் நிறுத்தணும், கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் யாரும் மைதானத்தில் இறங்கக் கூடாது. இது விதி. விசிலை ஊதி எல்லாரையும் உள்ளே அனுப்பினாள். இடி நிக்கவே இல்லை. பாதி ஆட்டம் தாண்டியிருந்தா அப்போதைய ஸ்கோரே முடிவுன்னு எங்க ரூல்புக்ல இருந்தது. அப்படியே அறிவிச்சா.

தோத்த அணி மறுநாள் ஆபீஸில் போய்க் கத்தினது. எங்க மேலாளர், ரெண்டு கேப்டன்களையும் வெச்சுக்கிட்டே, "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே"ன்னு அவளைக் கேட்டுட்டு மறு ஆட்டத்துக்கு உத்தரவு போட்டார். ரெண்டு வாரம் கழிச்சு எங்களுக்கெல்லாம் பீட்சா வாங்கிப் போட்டு ஒரு பயிலரங்கு. தலைப்பு என்ன தெரியுமா? "தானாக முன்வந்து முடிவெடுத்தல்"! அவ கடைசி வரிசையில் உட்கார்ந்து பீட்சா விளிம்பைப் பிய்ச்சிட்டு இருந்தா.

அடுத்த தடவை இடி இடிச்சப்போ ட்யூட்டியில் இருந்தது வேற பையன். போனைக் காதில் வெச்சுக்கிட்டு நின்னான். மேலாளர் எடுக்கலை. பத்து நிமிஷம் ஆட்டம் நடந்துகிட்டே இருந்தது. யாருக்கும் ஒண்ணும் ஆகலை, அவ்வளவுதான்.

அந்தப் பையனை நான் திட்ட மாட்டேன். பயிலரங்கில் சொன்னதை இல்ல, ஆபீஸில் நடந்ததைப் பார்த்து அவன் கத்துக்கிட்டான்.

"இருபது வயசுப் பசங்க கையில எப்படிங்க பொறுப்பைக் கொடுக்கிறது?"ன்னு கேப்பாங்க. ஏற்கெனவே கொடுத்தாச்சே சார்! ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டடத்தோட சாவி யார் கையில் இருக்கு? ட்ரெட்மில்லில் ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சுகிட்டு விழுந்தா சி.பி.ஆர். செய்யணும், ஏ.இ.டி. பெட்டியைத் திறந்து ஷாக் கொடுக்கணும்னு பயிற்சி கொடுத்து நிக்க வெச்சிருக்கிறது யாரை? ஒரு உயிரை நம்பி விடலாம், ஒரு ஸ்கோரை நம்பி விடக் கூடாதா?

இந்தத் துறையோட வேர் எனக்குப் பிடிக்கும். 1950ல் நியூ ஆர்லியன்ஸின் டில்லார்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் வாசன் கூட்டின கூட்டத்தில் பிறந்த சங்கம்தான் இன்றைய நிர்சா. அந்தக் கூட்டத்துக்கு வந்தவங்க 11 கறுப்பினக் கல்லூரிகளைச் சேர்ந்தவங்க. யாரும் பயிலரங்கு நடத்திக் கத்துக்கொடுத்து அவங்க அதை ஆரம்பிக்கலை. 2012ல் சங்கம் தன் பேருக்குப் பின்னாலயே 'தலைவர்கள்'ங்கிற வார்த்தையைச் சேர்த்துக்கிட்டது. சந்தோஷம். ஆனா அந்த வார்த்தை விசில் ஊதுறவ பக்கம் வந்து சேரணுமே?

பெரிசா ஒண்ணும் கேக்கலை. விதிப்படி எடுத்த முடிவுக்கு நாலு பேர் முன்னாடி துணை நில்லுங்க. தப்புன்னு தோணினா கதவைச் சாத்திட்டுப் பேசுங்க. சூப்பர்வைசர்னு சட்டையில் அச்சடிச்சா மணிக்கூலியையும் கூட்டுங்க. துண்டு மடிச்ச எனக்கும் அவளுக்கும் அன்னிக்கு வித்தியாசம் வெறும் சில்லறை.

அந்தப் பொண்ணு அடுத்த செமஸ்டர் லைப்ரரி வேலைக்குப் போயிட்டா. மேலாளர் கட்சிக்காரங்க யாராவது இருந்தா வாங்க, சண்டைக்கு நான் ரெடி. :-)